பாதி முகச் சவரம்

1

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் என் சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முடி வெட்ட வருவதில்லை. கதைக்க வருகிறார்கள். சிலருக்கு வெட்டுவதற்கு முடியே இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக, வருகிறவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் அந்த வாங்கில் இடம் பிடிப்பது ஸ்டேஷன் கார் பார்க்கில் இடம் பிடிப்பதைவிடக் கஷ்டம். வீட்டுக் கடன் வட்டி, பிள்ளைகளின் செலெக்டிவ் ஸ்கூல் பரீட்சை, கோயில் நிர்வாக சபை, யாருடைய மகள் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று எல்லாவற்றையும் அங்கேதான் அலசிக் காயப்போடுவார்கள்.

நேற்று ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்தேன். இன்று ஞாயிறு, கடை பூட்டு. மனைவி சுமதி முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியே குசினியில் இருந்து, நேற்று நடந்ததை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடையில் இரண்டு கதிரைகள். ஒன்று என்னுடையது, மற்றது கண்ணனுடையது. கண்ணன் மதுரைக்காரன். தகப்பன், சித்தப்பன் எல்லோருக்கும் இதுதான் தொழில். மாணவர் விசாவில் வந்து, முடி அலங்காரம் படித்து, அந்தப் படிப்பை வைத்தே பிஆர் என்கிற நிரந்தர விசா வாங்கியவன். என்னிடம் வெட்டிக்கொள்பவர்கள் அவசரக்காரர்கள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் கண்ணனுக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு அதில் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கடை வாடகையைக் கட்டியது அவன் கைதான்.

அப்படிக் காத்திருப்பவர்களில் ஒருவன் நிஷான். லிட்கம்மில் கார் திருத்துகிற கராஜ் வைத்திருக்கும் இரத்தினம் அங்கிளின் ஒரே மகன். பள்ளிக்கூடத்துச் சீருடையோடு வந்த காலத்திலிருந்து கண்ணனைத் தவிர வேறு யாரையும் தன் தலையில் கை வைக்க விட்டதில்லை. மீசை முளைக்கத் தொடங்கியபோதே, "அண்ணா, மை வெடிங்குக்கு நீங்கதான் ஷேவ் பண்ணணும்" என்று சொல்லிவைத்துவிட்டான். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அன்று காலை மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்கிற பாலறுகுக்கு முன்னால் முகச்சவரம் செய்கிற சடங்கு ஒன்று உண்டு. சிட்னியில் பலர் அதை விட்டுவிட்டார்கள். செய்பவர்களும் கத்தியைக் கன்னத்தில் தொட்டு எடுப்பதோடு சரி. கண்ணன் மட்டும் அதற்காகவே ஒரு மரப்பிடிக் கத்தி வாங்கி அலுமாரியில் வைத்திருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. நிஷானின் கல்யாணத்தைத்தான் தன் வீட்டு விசேஷமாக எண்ணிக் காத்திருந்தான்.

2

நான் தொழில் பழகியது வில்லாவுட் தடுப்பு முகாமில். விசா பதிலுக்காகக் காத்திருந்த காலத்தில் அங்கே செய்வதற்கு வேறொன்றும் இல்லை. ஒருவரின் தலையை மற்றவர் வெட்டினோம். காவலர் கிளிப்பரை எங்களிடம் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். என் கையில் முதலில் அகப்பட்ட தலைக்காரர் ஒரு மாதம் தொப்பி போட்டுத் திரிந்தார்.

அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த பெரிய பயம் நேர்காணல்கூட இல்லை, மெடிக்கல். நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர். இரத்தத்தில் என்னவெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எச்ஐவியும் பார்ப்பார்கள் என்று தெரியவந்தபோது, ஒரு தப்பும் செய்யாதவர்கள்கூட நித்திரை இல்லாமல் திரிந்தார்கள். முடிவு வந்து, சரி என்று சொன்ன அன்று எல்லோரும் சேர்ந்து தேத்தண்ணீர் போட்டுக் கொண்டாடினோம்.

அகதியாக வந்தவனும் சரி, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவனும் சரி, நிரந்தர விசா எடுத்த எல்லோரும் இந்த வாசலால்தான் உள்ளே வந்திருக்கிறோம். அதனால் எங்கள் ஆட்களின் மண்டையில் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறிவிட்டது. மெடிக்கல் பாஸ் பண்ணினால் பண்ணினதுதான். அரசாங்கமே முத்திரை குத்திவிட்டது, இனி ஆயுளுக்கும் பயமில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம் போனது, யார் யாருடைய வாழ்க்கையில் என்னென்ன நடந்தது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. இப்படியொரு முட்டாள்தனம் விசாவுக்காக இரத்தம் கொடுத்த எங்களைத் தவிர வேறு யாருக்கும் வராது.

ஊரில் நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. எங்கள் சந்திக்கு அருகில் ஒரு லொறிச் சாரதி இருந்தார். வெளிநாட்டில் உழைத்துவிட்டு மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். அவருக்கு 'அந்த வருத்தம்', அதாவது எச்ஐவி நோய், என்று யாரோ ஒருவர் சொன்னார். அது போதுமாக இருந்தது. தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் கிளாஸ். பிறகு அந்தக் கிளாஸும் இல்லை. தாடி வளர்ந்து நெஞ்சைத் தொட்டது, சவரம் செய்ய ஒருவரும் போகவில்லை. செத்த பிறகும் போகவில்லை. தாடியோடுதான் எரித்தார்கள். அவருக்கு உண்மையில் என்ன வருத்தம் என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

3

இரண்டு குளிர்காலத்துக்கு முன் கண்ணனுக்கு இருமல் பிடித்தது. விடவில்லை. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தோம். சுமதி மல்லிக் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டாள். கிளினிக்கில் ஒருமுறை மாத்திரை, இன்னொருமுறை வேறு மாத்திரை. அவன் மெலிந்துகொண்டே போனான். இரத்தத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. மெடிக்கல் பாஸ் பண்ணினவன் அல்லவா. கடைசியில் ஒருநாள் கத்தரிக்கோலோடு கதிரையைப் பிடித்தபடி சரிந்தான். அம்புலன்ஸில் ஏற்றினோம். நுரையீரல் முழுக்கச் சளி என்றார்கள். சில நாட்கள் அவன் பிழைப்பானோ மாட்டானோ என்று எங்களுக்கே தெரியவில்லை.

பிழைத்து வந்தான். மறுபடியும் தன் கதிரையருகே நின்றான். சதை வைத்தது, சிரிப்பு வந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் யாரும் இல்லாதபோது, தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, ஆஸ்பத்திரில எச்ஐவின்னு சொன்னாங்கண்ணே. மாத்திரை போட்டுட்டு இருக்கேன். தினம் ஒண்ணு. இப்ப ரத்தத்துல தெரியாத அளவுக்குக் கொறஞ்சிருச்சு. யாருக்கும் பரவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. உங்ககிட்ட மறைக்கப் பிடிக்கல."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதம் பக்கத்தில் நின்றுகொண்டு இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறானே என்ற கோபம். அவனுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. நீரிழிவுக்காரனிடம் எத்தனை லட்டு தின்றாய் என்று கணக்குக் கேட்கிறோமா?

அன்று மாலை மெல்பேர்னில் இருக்கும் மகள் ஆரணிக்கு ஃபோன் எடுத்தேன். அவள் நர்ஸ். பெயர் சொல்லாமல் நோயைப் பற்றி மட்டும் கேட்கப்போகிறேன் என்று கண்ணனிடமே சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். சாதாரணமாக எங்கள் தொலைபேசிப் பேச்சு, "சாப்பிட்டியா?" "யெஸ் அப்பா." "வேலை எப்பிடி?" "பிஸி அப்பா." அவ்வளவில் முடிந்துவிடும். அவள் போன தூரம் மெல்பேர்னைவிட அதிகம் என்று எனக்குத் தெரியும். அன்று மட்டும் அவள் வைக்கவே இல்லை. ஆங்கிலத்தில் அவள் விளக்க, நான் தமிழில் திருப்பிச் சொல்ல, அவள் திருத்த, ஒரு சின்ன வகுப்பே நடந்தது. முடி வெட்டுவதால் வராது, ஒன்றாகச் சாப்பிடுவதால் வராது. மருந்தை ஒழுங்காக எடுத்து, கிருமி இரத்தத்தில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால், கூடப் படுப்பவருக்குக்கூடப் பரவாது. கடைசியில் கேட்டாள்: "அப்பா, டிட் யூ ஹக் ஹிம்?"

நான் என் சொந்தத் தம்பியையே கட்டிப்பிடித்ததில்லை. மறுநாள் காலை கண்ணன் கடைக்குள் வந்ததும் போய்க் கட்டிப்பிடித்தேன். அவன் பயந்துபோய், "ஊர்ல யாருண்ணே தவறிட்டாங்க?" என்று கேட்டான்.

4

எங்கள் பக்கத்துக் கடை ரூடோவுடையது. சிம்பாப்வேக்காரி. ஆபிரிக்கப் பெண்களுக்கு முடி பின்னுகிற கடை. ஒரு தலையைப் பின்னி முடிக்க அரை நாள் போகும். அந்த அரை நாளும் பேச்சுத்தான். எங்கள் வாங்கு தோற்றுவிடும். ரூடோவின் அக்கா ஊரில் இந்த நோயோடு இறந்தவர். யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, சோதிக்க வெட்கப்பட்டு இறந்தவர். அதனால் ரூடோ ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒரு நர்ஸைத் தன் கடைக்கு வரவழைப்பாள். விரல் நுனியில் ஒரு சின்னக் குத்து, பின்னல் பாதி முடிவதற்குள் பதில் வந்துவிடும். ஊர்ப்பெயர், விசா ஒன்றும் கேட்பதில்லை. முதலில் அவளுடைய ஆட்களும் வாசலைக் கடந்து மற்றப் பக்கமாகத்தான் நடந்தார்களாம். இப்போது, "என்ன, சோதிச்சிட்டியா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை ரூடோ சின்ன அறிவிப்பு அட்டை ஒன்றோடு எங்கள் கடைக்குள் வந்தாள். உன் கடைக்கும் நர்ஸ் வரட்டுமே, ஆண்கள் என் கடைக்குள் வரமாட்டேன் என்கிறார்கள் என்றாள். வாங்கு நிறைய ஆட்கள். கண்ணனின் கதிரையில் இரத்தினம் அங்கிள். வலக் கன்னம் மழித்து முடிந்திருந்தது. இடக் கன்னம் முழுக்க நுரை. கழுத்தைச் சுற்றி, நுரை சட்டையில் படாமல் கட்டிய எங்கள் கடையின் நீலத் துவாய்.

அங்கிள் கண்ணாடிக்குள்ளாலேயே அட்டையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. நான் கடை போட்டபோது முதல் ஆளாக வந்து வாங்குக்கு ஆணி அடித்துத் தந்தவர். வாய்தான் அப்படி.

"உது அவையளின்ரை பிரச்சினை. எங்கடை ஆக்கள் எல்லாம் மெடிக்கல் பாஸ் பண்ணி வந்த ஆக்கள். இவ என்னத்துக்கு உதை இஞ்சை கொண்டு திரியிறா?"

வாங்கு சிரித்தது. ரூடோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பை விளங்கிக்கொள்ள எந்த மொழியும் தேவையில்லை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணன் கத்தியை மேசையில் வைத்துவிட்டான்.

"அங்கிள், நானும் மெடிக்கல் பாஸ் பண்ணி வந்தவன்தான். எனக்கு இருக்கு."

"என்ன இருக்கு?"

"எச்ஐவி. மாத்திரை சாப்பிடுறேன், நல்லா இருக்கேன். பாஸ் பண்ணிட்டோம்னு நெனச்சு டெஸ்ட் பண்ணாம இருந்ததுலதான் சாவு வரைக்கும் போயிட்டு வந்தேன். அந்தம்மா சொல்றது அவங்களுக்கு மட்டுமில்ல."

ரேடியோவில் யாரோ வீட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். இரத்தினம் அங்கிள் மெதுவாக எழுந்தார். ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் வெள்ளை நுரையோடு, கழுத்தில் துவாயோடு, வாசலைத் திறந்து காருக்குப் போனார். ரோட்டில் நின்ற பெண்ணொருத்தி அவரைப் பார்த்து ஒதுங்கிப் போனாள். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

வாங்கு ஐந்து நிமிடத்தில் காலியானது.

5

அடுத்த சனிக்கிழமை வாங்கில் ஒருவரும் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. வாட்ஸப்பில் என்னென்னவோ ஓடியது. ஒருவர் எனக்கு எடுத்து, அன்பாகப் பேசுவதுபோல, "யோகன், அந்தப் பெடியனை அனுப்பிவிடு, கடை படுத்திடும்" என்றார். கடை படுத்தால் நானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னொருவர் நான் வெட்டினால் வருகிறாராம், கண்ணன் தொட்ட சீப்பைத் தொடக் கூடாதாம். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆரணி கற்றுத் தந்ததை வைத்து நான் ஊருக்கு விளக்கம் சொல்லப் புறப்பட்டேன். கோயில் கார் பார்க்கில் ஒருவரைப் பிடித்து, "அவருக்கு இப்ப இரத்தத்திலை கிருமியைக் கண்டுபிடிக்கவே ஏலாது" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "கண்டுபிடிக்க ஏலாட்டி, அவனுக்கு இருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள்?" என்று கேட்டார். கார் பார்க்கிலிருந்தே மறுபடியும் ஆரணிக்கு ஃபோன் எடுத்தேன்.

கண்ணனுக்குக் கடைசி அடி நிஷானின் கல்யாணம்தான். சவரத்துக்கு வேறு ஆள் பிடித்துவிட்டதாக இரத்தினம் அங்கிள் யாரிடமோ சொல்லி, அது எங்களிடம் வந்து சேர்ந்தது. கண்ணன் அலுமாரியைத் திறந்து அந்த மரப்பிடிக் கத்தியை எடுத்துத் தன் பைக்குள் வைத்தான்.

"நான் போயிர்றேண்ணே. பெர்த்துல ஒரு கடையில ஆள் கேக்குறாங்க. என்னால நீங்க ஏன் கஷ்டப்படணும்?"

"பெர்த்திலை தமிழ் ஆக்கள் இல்லையோ? அங்கையும் உதே வாங்குதான் கிடக்கும். பேசாமல் நில்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறந்ததும் நான் கண்ணனின் கதிரையில் ஏறி உட்கார்ந்தேன். அந்தக் கதிரையைக் கண்ணாடி ஜன்னலோடு ஒட்டித் திருப்பிப் போட்டேன். கோயிலுக்குப் போகிறவர்கள், மீன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, தொண்டையை நீட்டிச் சவரம் செய்துகொண்டேன். என் முகம் வாழ்நாளில் அவ்வளவு துப்புரவாக இருந்ததில்லை.

ரூடோ பேசவில்லை, செய்தாள். தன் தம்பியைக் கூட்டிவந்து கண்ணனின் கதிரையில் இருத்தினாள். அடுத்து அவனுடைய கூட்டாளிகள் வந்தார்கள். சுருள் முடியை வெட்டிக் கீழிருந்து மேலாக நிழல்போலக் கரைய வைக்கிற வித்தை கண்ணனுக்குத் தெரியாது. அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவன் அதிலும் கைகாரன் ஆகிவிட்டான். காலியாகக் கிடந்த வாங்கில் நெடுநெடு இளைஞர்கள் உட்கார்ந்து காலை நீட்ட இடமில்லாமல் தவித்தார்கள். கடை படுக்கவில்லை ஐயா, எழும்பி உட்கார்ந்தது!

6

பிறகு என் காருக்கு பிங்க் ஸ்லிப் எடுக்கும் காலம் வந்தது. இது ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. இங்கே பழைய கார் என்றால் வருடத்துக்கு ஒருமுறை கராஜில் காட்டி, ஓடத் தகுதியானது என்று துண்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் இறக்க முடியாது. நான் காலம் காலமாக இரத்தினம் அங்கிளிடம்தான் எடுப்பேன். வேறு கராஜுக்குப் போயிருக்கலாம். ஆனால் பகை என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்து லிட்கம்முக்கே போனேன்.

அங்கிள் என் முகத்தைப் பார்க்காமல் காரை மட்டும் பார்த்தார். நிஷானும் அங்கே நின்றான். அங்கிள் குனிந்தார், தட்டினார், கீழே படுத்து எழும்பினார்.

"பிரேக் தேஞ்சு போச்சு. இப்பிடியே தர ஏலாது."

எனக்கு எரிச்சல். "என்ன அங்கிள் நீங்கள்? வாங்கேக்கை புத்தம் புதுக் கார். எல்லாம் செக் பண்ணித்தானே தந்தவங்கள்?"

அவருக்கு அதைவிட எரிச்சல். தொழிலைத் தொட்டுவிட்டேன் அல்லவா. "உனக்கு விசரோ? அது அண்டைக்கு. எத்தினை வருசம் ஓடியிருக்கிறாய்? வாங்கேக்கை நல்லாயிருந்ததெண்டு நான் இண்டைக்குத் துண்டு தாறதோ? பாக்காமல் எப்பிடித் தெரியும் எனக்கு?"

சத்தியமாக நான் ஒரு திட்டத்தோடும் போகவில்லை. பிரேக்குக்குச் செலவு வரப்போகிறதே என்ற கவலையோடுதான் நின்றேன். அங்கிள்தான் சொல்லி முடித்துவிட்டு, ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"அப்பா," என்றான் நிஷான், "யூ ஜஸ்ட் செட் இட் யுவர்செல்ஃப்."

"நீ வாயை மூடு."

"நோ அப்பா. ஷாமினியும் நானும் வெடிங்குக்கு முதல் டெஸ்ட் எடுக்கப் போறம். கண்ணன் அண்ணான்ரை ஷாப்லதான்." அவன் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

சொன்னபடியே அடுத்த மாத முதல் சனிக்கிழமை நிஷான் தான் கட்டப்போகிற ஷாமினியோடு வந்தான். ரூடோ கேட்டபடி, அவள் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டி, எங்கள் கடைக்கும் ஒரு நர்ஸை வரச் சொல்லியிருந்தோம்; பின்னறையில் திரை போட்டு அவள் இருந்தாள். முதல் ஆளாக நான் விரலை நீட்டினேன். வில்லாவுட்டுக்குப் பிறகு முதல் தடவை. அதற்குப் பிறகு அந்த இருவரும். வாங்கில் ரூடோவின் தம்பியின் கூட்டாளிகள். மத்தியானத்துக்குள் எங்கள் பழைய வாங்குக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். முடி வெட்ட வந்ததாகச் சொன்னார். அவருக்குத்தான் முடியே இல்லை. நான் திரையைக் காட்டினேன். பின்னேரம் கடை பூட்டுகிறபோது வாங்கில் தமிழ்க் குரல்கள் திரும்பி வந்திருந்தன. யாருக்கு என்ன பதில் வந்தது என்பது அவரவரோடு. எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

இன்னொன்றும் நடந்தது. குப்பை போட வெளியே போனபோது ரூடோவின் கடைக் கண்ணாடிக்குள் தற்செயலாகப் பார்த்தேன். தலை பின்னிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே, ஒரு வழுக்கைத் தலை, விரல் நுனியில் பஞ்சை அழுத்தியபடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தமிழ் ஆட்கள் யாரும் பார்க்காத இடம் என்று நினைத்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் ரூடோ நின்று, கையில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். கண்ணனிடமும் சொல்லவில்லை.

இதை எழுதலாமா என்று இன்று காலை இரத்தினம் அங்கிளிடம் கேட்டேன். "எழுது, ஆனால் வழுக்கை எண்டு எழுதாதை" என்றார். எழுதிவிட்டேன். கண்ணனிடமும் கேட்டேன். "பேரக்கூட மாத்தாதீங்கண்ணே" என்றான்.

7

கல்யாணம் நேற்று. அதற்கு முன் அங்கிள் எனக்கு எடுத்து, "குடும்பத்தோடை வா" என்று மட்டும் சொன்னார். கண்ணனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சவரத்துக்குப் பிடித்து வைத்த மற்ற ஆள் வருகிறானா இல்லையா என்பதும் தெரியாது. நிஷான் கண்ணனுக்கு, "கம் வித் யுவர் ஷேவிங் கிட்" என்று செய்தி அனுப்பியிருந்தான். கண்ணன் வேட்டி கட்டி, மரப்பிடிக் கத்தியைப் பெட்டிக்குள் வைத்து, காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வழியில், "வேணாம்னு சொல்லிட்டா, நான் கார்லயே இருந்துக்கிறேண்ணே" என்றான்.

இங்கே வீடுகளில் இந்தச் சடங்குக்கெல்லாம் தோதான இடம் கார் நிறுத்துகிற கராஜ்தான். அங்கிள் தன் இரட்டைக் கராஜைக் கழுவி, வாழை கட்டி, தோரணம் போட்டிருந்தார். நடுவில் ஒரு கதிரை. மெல்பேர்னிலிருந்து பெர்த் வரையிலான சொந்தம் எல்லாம் பட்டுச் சேலையும் வேட்டியுமாக நின்றது. கண்ணனைக் கண்டதும் எல்லாத் தலைகளும் திரும்பின. மற்ற ஆளைக் காணவில்லை. கண்ணன், மேலே தூக்கிவிட்டிருந்த ரோலர் கதவுக்கு வெளியே, பெட்டியோடு நின்றுவிட்டான்.

அங்கிள் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவால் வந்தார். அதில் மடித்த வேட்டி இருந்தது, பாக்கு இருந்தது. சவரம் செய்கிறவருக்கு மாப்பிள்ளையின் தகப்பன் தன் கையால் கொடுக்க வேண்டியது.

"என்னடாப்பா, வாசல்லை நிக்கிறாய்? நேரம் போகுது. உள்ளை வா."

கண்ணன் இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினான். கை நடுங்கியது. கதிரையில் இருந்த நிஷான், "அண்ணா, டோன்ட் ஷேக் லைக் தட், ஐ நீட் மை ஃபேஸ் டுடே" என்றான். கராஜ் முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. கண்ணன் புதுப் பிளேடைப் பிரித்துப் பூட்டினான். கத்தி கன்னத்தில் பட்டதும் அவனுடைய கை வழமைக்குத் திரும்பியது. தொட்டு எடுப்பதோடு நிறுத்தவில்லை. மோவாய், மேலுதடு, காதோரம் என்று முழு முகமும் மழித்து, ஈரத் துணியால் ஒற்றி, மாப்பிள்ளையை எழுப்பிவிட்டான். சுமதி கண்ணைத் துடைத்தாள். நான் துடைக்கவில்லை, வழிய விட்டேன்.

அடுத்தது பாலறுகு. பெண்கள் பால் கிண்ணத்தோடு முன்னால் வந்தார்கள். ஆனால் வெறுமையான அந்தக் கதிரையில் இரத்தினம் அங்கிள் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கிளின் மனைவி, எங்கள் மாமி, ஓடி வந்தார்.

"என்னப்பா நீங்கள்? எழும்புங்கோ. உங்களுக்கு ஆர் சவரம் செய்யச் சொன்னது?"

"ஐயரை ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லு."

அவர் தோளில் சால்வை என்று நாங்கள் நினைத்திருந்தது சால்வை இல்லை. எங்கள் கடையின் நீலத் துவாய். தோய்த்து, அயர்ன் பண்ணி, மடித்துப் போட்டிருந்தார். அதை எடுத்து விரித்துத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டு, முகத்தை அண்ணாந்து கண்ணனிடம் நீட்டினார்.

"தம்பி, அண்டைக்குப் பாதியிலை எழும்பிப் போட்டன். மற்றப் பக்கம் மிச்சம் கிடக்குது."

கண்ணன் என்னைப் பார்த்தான், கதிரையைப் பார்த்தான். பிறகு நுரை குழைக்கத் தொடங்கினான்.

இரண்டு பக்கமும் மழித்துவிட்டுத்தான் விட்டான்.